ஐஸ்லாந்தின் கிரிம்சே தீவு: அம்மாவை அழைத்துப் போகலாமா?

ஈரோடு முத்து:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜூனில் நானும் அம்மாவும் ஐஸ்லாந்து போகத் திட்டம் போட்டிருக்கிறோம். அம்மா அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கரும்பலகையில் உருண்டை வரைந்து, பூமத்திய ரேகை, கடக ரேகை, மேலே ஆர்க்டிக் வட்டம் என்று கோடு போட்டு, "66½ டிகிரி வடக்கு, மறக்கக் கூடாது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே வாழ்க்கையைக் கழித்தவர். அருவி, எரிமலை எதையும் அவர் கேட்கவில்லை. "அந்தக் கோட்டை ஒருமுறை தாண்டிவிட்டு வரணும்" என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

படத்தைப் பார்த்தால் ஐஸ்லாந்தின் பெருநிலம் அந்தக் கோட்டைத் தொடவே இல்லை, கொஞ்சம் தெற்கே நின்றுவிடுகிறது. வடக்கே கடலுக்குள் இருக்கும் கிரிம்சே என்கிற சின்னத் தீவு வழியாகத்தான் கோடு போகிறது. அங்கே ஆட்களும் குடியிருக்கிறார்களாம்.

அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் மெதுவாக நடப்பார், ஏற்றம் என்றால் சிரமம். சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. படகில் போவதா, விமானத்தில் போவதா? காலையில் போய் மாலையில் திரும்பினால் போதுமா, இல்லை இரவு தங்க வேண்டுமா? அவ்வளவு தூரம் போய் ஏமாற்றமாகிவிடுமோ என்றுதான் பயம். போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி ராஜா:

முத்து, நேராகவே சொல்கிறேன். கோட்டைத் தாண்டுவதுதான் குறி என்றால் கிரிம்சே வேண்டாம். பின்லாந்தில் ரோவனியெமி போங்கள். ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டரில் சாண்டா கிளாஸ் கிராமம் இருக்கிறது, பேருந்திலேயே போய்விடலாம். தரையில் ஆர்க்டிக் வட்டம் என்று கோடு போட்டே வைத்திருக்கிறார்கள். அம்மா அதில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே சூடாகக் காபி குடித்துவிட்டு வரலாம்.

கிரிம்சேக்குப் படகில் போகவே மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம். அது திறந்த கடல். என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். தீவில் மரம் இல்லை, கடைத்தெரு இல்லை. ஒரு துறைமுகம், கொஞ்சம் வீடுகள், பறவைகள், அவ்வளவுதான். நான் நண்பர்களோடு போனதால் சமாளித்தேன். முழங்கால் வலி உள்ளவரை அழைத்துப் போவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

ஆலாப்பறவை:

முத்து தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து உங்கள் அம்மா மனதிலேயே நிற்கிறார். என் கணவருக்கு வட ஐஸ்லாந்தில் இருக்கும் அகுரேரியில் வேலை கிடைத்ததால் சில ஆண்டுகள் அந்த ஊரில் குடியிருந்தோம். கிரிம்சேக்குப் படகிலும் போயிருக்கிறேன், விமானத்திலும் போயிருக்கிறேன், தங்கியும் இருக்கிறேன். ராஜா சொன்ன கடல், வாந்தி எல்லாம் உண்மை. ஆனால் "அவ்வளவுதான்" என்று அவர் முடித்த இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அழைத்துப் போங்கள். ஒரு இரவாவது தங்குங்கள். தங்க முடியாது என்றால் மட்டும் ராஜா சொன்ன ரோவனியெமியை யோசியுங்கள்.

முதலில் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள், மகிழ்ந்து போவார். அவர் கரும்பலகையில் வரைந்த அந்தக் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. பூமியின் அச்சுச் சாய்வு 22.1 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 41,000 ஆண்டுகள். இப்போது சாய்வு குறைந்து வரும் காலம். அதனால் ஆர்க்டிக் வட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 14.5 மீட்டர் வடக்கே நகர்கிறது. இப்போது அது இருப்பது 66½ டிகிரிக்குச் சற்று மேலே, 66 டிகிரி 34 நிமிடத்தை ஒட்டி. ரோவனியெமியில் போட்டிருக்கும் கோட்டை விட்டும் அசல் வட்டம் எப்போதோ வடக்கே தள்ளிப் போய்விட்டது.

கிரிம்சேயில் இதற்கு ஒரு அருமையான வேலை செய்திருக்கிறார்கள். 2017இல் மூன்று மீட்டர் விட்டத்தில், எட்டு டன் எடையில் ஒரு கான்கிரீட் உருண்டையைச் செய்து வட்டத்தின் மேலேயே வைத்தார்கள். கோடு நகர நகர அந்த உருண்டையையும் நகர்த்தி வைக்கிறார்கள். ஒர்பிஸ் எத் குளோபஸ் என்று பெயர். க்ரிஸ்டின் ஹ்ராஃப்ன்சன் என்கிற கலைஞரும் ஸ்டுடியோ கிராண்டா என்கிற கட்டடக்கலை நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. 2047 வாக்கில் வட்டம் தீவின் வடமுனையைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கிவிடும். உங்கள் அம்மா கோட்டின் மேல் நிற்க வேண்டும் என்றால் அதற்குள் போனால்தான் உண்டு. புவியியல் ஆசிரியைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த உருண்டை வட கோடியில் இருக்கிறது, துறைமுகம் தெற்குப் பக்கம் இருக்கிறது. தீவின் நீளமே ஐந்தரை கிலோமீட்டர்தான் என்றாலும், உருண்டை வரை நடந்து திரும்ப நல்ல நடை உள்ளவர்களுக்கே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கடைசிப் பகுதியில் பாதை என்று எதுவும் ஒழுங்காக இருக்காது. புல் மேடும் பள்ளமுமாக இருக்கும், காலை வைத்தால் அமுங்கும். படகில் வருகிறவர்களுக்குத் தீவில் கிடைப்பதே நான்கைந்து மணி நேரம். அம்மாவோடு அந்த நேரத்துக்குள் ஓட முடியாது. நான் தங்கச் சொல்வதற்கு இது முதல் காரணம். தங்கினால் விடுதிக்காரர்களிடம் நிதானமாகப் பேசலாம், வண்டி போகிற தூரம் வரை கொண்டு விட முடியுமா என்று கேட்கலாம். மிச்சத்தை அம்மாவின் வேகத்தில் நின்று நின்று நடக்கலாம். பொழுதுதான் சாயவே சாயாதே! ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினாலும் வெளிச்சம் இருக்கும்.

கால் ஒத்துழைக்கவில்லை என்றால் விமான ஓடுதளத்துக்குப் பக்கத்தில் பழைய குறி இருக்கிறது. உலக நகரங்களின் தூரத்தைக் காட்டும் பலகைகளோடு ஒரு கம்பமும், கோட்டைத் தாண்டுவதற்கு ஒரு சின்னப் படிப் பாலமும் இருக்கும். துறைமுகத்திலிருந்து எளிதாகப் போகிற தூரம்தான். ஆனால் அசல் கோடு அதைக் கடந்து போய் வெகு காலம் ஆகிவிட்டது. அம்மா அதைக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தோன்றுகிறது.

படகா விமானமா என்று கேட்டீர்கள். அகுரேரியிலிருந்து சிறிய விமானம், இருபது பேருக்கும் குறைவாகத்தான் உட்காரலாம். அரை மணி நேரத்துக்குள் தீவு வந்துவிடும். இறங்குவதற்கு முன் கீழே ஒரு வண்டி ஓடுதளத்தில் இப்படியும் அப்படியும் ஓடும். ஓடுதளத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைகளைக் கிளப்பி விடுவதற்காக. படகு தால்விக் என்கிற ஊரிலிருந்து கிளம்புகிறது, அகுரேரிக்கு வடக்கே 44 கிலோமீட்டர். சைஃபாரி என்று கப்பலின் பெயர். மூன்று மணி நேரம். பெருநிலத்துக் கரையிலிருந்து தீவு 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஃபியோர்டு என்கிற அந்த நீண்ட கடற்கழிக்குள் இருக்கும் வரை ஆட்டம் தெரியாது, வாய் கடந்ததும் அலை தொடங்கும். அம்மாவுக்கு என் யோசனை: போகும்போது விமானம், திரும்பும்போது காற்று அடங்கியிருந்தால் படகு. திரும்பும் வழியில் திமிங்கிலம் கண்ணில் படவும் வாய்ப்பு இருக்கிறது. வாந்தி மாத்திரை கையில் இருக்கட்டும். கடல் ஆடிய பிறகு போட்டால் பயன் இல்லை, கிளம்புவதற்கு அரை மணி முன்னாடியே போட வேண்டும். அம்மா வேறு மருந்து எடுக்கிறார் என்றால் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விமானமோ படகோ, வானிலை கெட்டால் ஓடாது. தீவுக்குப் போய் வந்த மறுநாளே ஊருக்கு விமானம் பிடிக்கிற மாதிரித் திட்டம் போடாதீர்கள். இரண்டு நாளாவது இடைவெளி வையுங்கள். இதை நான் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

இனி நான் தங்கச் சொல்வதற்கு உண்மையான காரணம். படகு வந்து நிற்கும் அந்த நான்கைந்து மணி நேரம் தீவு வந்தவர்களுடையது. எல்லோரும் உருண்டைக்கு ஓடுவார்கள், திரும்பி ஓடி வருவார்கள், சிலர் வட்டத்தைத் தாண்டியதற்குச் சான்றிதழ் வாங்குவார்கள், படகு ஏறுவார்கள். படகு கிளம்பிப் போனதும் தீவு ஊர்க்காரர்களிடம் திரும்பிவிடும். ஐம்பது அறுபது பேர்தான். மீன்பிடிப்பவர்கள் நிதானமாக வலையைச் சரி செய்வார்கள், யாராவது நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். பகலில் கடலுக்குப் போயிருந்த பஃபின் என்கிற கடற்பறவைகள் மாலையில்தான் கூட்டம் கூட்டமாகப் பாறை விளிம்புக்கு வந்து இறங்கும்.

பஃபினைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரைக் கிலோ எடை கூடச் சில சமயம் இருக்காது. மண்ணுக்குள் கை நீளத்துக்கு வளை தோண்டி, அதில் ஒரே ஒரு முட்டை இடும். ஒரு மாலை நான் விளிம்பிலிருந்து தள்ளிப் புல்லில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு வளையிலிருந்து மண் பின்னால் தெறித்துத் தெறித்து வந்தது. கொஞ்ச நேரம் கழித்து முதலில் ஒரு ஜோடி ஆரஞ்சு நிறக் கால்கள், அப்புறம் வால், அப்புறம் முழுப் பறவையும் பின்பக்கமாகவே வெளியே வந்தது. திரும்பி என்னைப் பார்த்தது. மூக்கெல்லாம் மண். உடம்பை ஒருமுறை உதறிவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டது. அப்படியே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் கடைசியில் வரும் இந்தப் பறவைகள் ஆகஸ்ட் நடுவில் கடலுக்குக் கிளம்பிவிடும். ஜூன் என்றால் கவலை இல்லை, நிறையப் பார்க்கலாம். விளிம்பின் அருகே மட்டும் போகவே கூடாது. வளைகள் தோண்டித் தோண்டித் தரை உள்ளே பொந்தாக இருக்கும், மேலே புல் பார்ப்பதற்குத் திடமாகத் தெரியும்.

ஆலாப் பறவை பற்றியும் எச்சரிக்கிறேன், என் பெயரே அதுதான் என்றாலும். ஆர்க்டிக் ஆலா அன்டார்க்டிக் கடல் வரை போய்த் திரும்பி வருகிற பறவை. கருவி பொருத்திப் பார்த்ததில் ஆண்டுக்கு ஏறத்தாழ 70,000 கிலோமீட்டர் பறக்கிறது என்று தெரிய வந்திருக்கிறது. அவ்வளவு தூரம் வந்து தரையில் முட்டையிட்டிருக்கும்போது நாம் பக்கத்தில் போனால் சும்மா விடுமா? நேராகத் தலைக்குப் பாயும், கொத்தும், ரத்தம் வரும். நம் உடம்பில் எது உயரமாக இருக்கிறதோ அதைத்தான் குறி வைக்கும். அதனால் ஒரு குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நடந்தால் குச்சியைக் கொத்திவிட்டுப் போய்விடும். ஊர்க்காரர்களே இப்படித்தான் செய்கிறார்கள். அம்மாவுக்கு ஊன்றுகோல் ஒன்று காலுக்கு, அவர் தலைக்கு மேலே பிடிக்கிற குச்சி உங்கள் கையில்.

நள்ளிரவுச் சூரியனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கேட்பார். ஜூன் முதல் வாரக் கடைசியிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை அங்கே சூரியன் முழுதாக மறையாது. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் ஜூன் 21 ஒரு நாளோடு முடியாமல் இத்தனை நாள் கிடைக்கிறது. கடிகாரத்தில் பன்னிரண்டு மணி ஆனதும் படம் எடுத்துவிட்டுப் படுக்கப் போகிறவர்கள் சூரியன் மிகத் தாழ்ந்து நிற்கும் நேரத்தைத் தவற விடுகிறார்கள். ஐஸ்லாந்து கிரீன்விச் நேரத்தைத்தான் பின்பற்றுகிறது, ஆனால் கிரிம்சே இருப்பது 18 டிகிரி மேற்கில். பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்று அம்மாவே கணக்குப் போட்டுவிடுவார். சூரியன் வடக்கே அடிவானத்தை ஒட்டி மிகத் தாழ வருவது இரவு ஒன்றே கால் மணி வாக்கில். மேகம் மறைக்கலாம், அது நம் கையில் இல்லை.

சாப்பாடு. உணவகம் இருக்கிறது, மீன்தான் பிரதானம். ஒரு சின்னக் கடை உண்டு, திறந்திருக்கும் நேரம் குறைவு. சைவத்துக்கு அதை நம்பிப் போகாதீர்கள். அகுரேரி இருபதாயிரம் பேர் இருக்கும் ஊர், பெரிய பல்பொருள் அங்காடிகள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, தக்காளி, தயிர், ரொட்டி எல்லாம் அங்கேயே வாங்கிவிடுங்கள். ஸ்கீர் என்று அவர்களுடைய கெட்டித் தயிர் மாதிரி ஒன்று கிடைக்கும், அதில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டினோ சீஸ் உறைய வைக்கும் பொருளோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விடுதியில் சமையலறை பயன்படுத்தலாமா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் ஊரிலிருந்து கொண்டு போனால் அம்மாவுக்கு நிம்மதி.

ஜூனில் ஐந்து முதல் பத்து டிகிரி இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், காற்றுதான் ஆளை உறைய வைக்கும். தீவில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மெல்லிய கம்பளிச் சட்டை, அதன் மேலே கனமான ஒன்று, அதற்கு மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். காதை மூடும் குல்லாய். ஈரம் புகாத, கணுக்காலைப் பிடிக்கும் காலணி. அம்மா புடவையில்தான் இருப்பேன் என்றால் உள்ளே கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டாவது வரட்டும். ஆனால் அந்தப் புல்லில் பேன்ட்தான் வசதி.

மருத்துவர் தீவில் நிரந்தரமாக இல்லை, அவ்வப்போது விமானத்தில் வந்து போவார். அதனால் வழக்கமான மருந்துகளைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் விசாவுக்கு எப்படியும் 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். அதில் மூத்த குடிமக்களுக்கான விதிவிலக்குகளை நன்றாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வட நோர்வே ரூபன்:

வணக்கம் தம்பி. நான் கிரிம்சே போனதில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கு மேலே வளர்ந்தவன். எங்கட அப்பா 80களின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வே வந்து, அதன் வட கோடியில் இருக்கும் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து மீன்பிடி ஊர்கள் பலவற்றில் எங்கட சனம் இருந்தது. அதனால் வடகடல் சின்ன ஊர்களைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, அக்கா சொன்னது போல காற்றுதான் எல்லாம். வெப்பநிலையைப் பார்த்து உடுப்பு எடுக்காதீர்கள், காற்றின் வேகத்தைப் பாருங்கள். விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வானிலை அறிக்கையில் போடுவார்கள். 15க்கு மேலே என்றால் அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு நடக்க வேண்டாம், விடுதியில் இருங்கள்.

இரண்டாவது, அப்படி ஊர்களில் ஆட்கள் முதலில் கதைக்க மாட்டினம். கோபம் என்று நினைக்காதேங்கோ. நீங்கள் முதலில் வணக்கம் சொல்லி, மீன் எப்படிக் கிடைக்குது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அம்மா ரீச்சராக இருந்தவர் என்று சொல்லுங்கள், இன்னும் நல்லாய்ப் பழகுவினம். வெளிச்சம் இருக்கிற இரவில் நித்திரை வராது, கண் மூடுகிற துணி ஒன்று கட்டாயம் கொண்டு போங்கோ.

ஊர்சுற்றி ராஜா:

ஆலாப்பறவை அக்கா, நான் போனது பகல் படகில் போய்த் திரும்புகிற பயணம்தான். தங்கினால் கதை வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் செலவு? அவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு நாள் என்ன செய்வது?

ஆலாப்பறவை:

ராஜா, செலவு கூடத்தான், அதில் மறுப்பு இல்லை. ஐஸ்லாந்தில் எங்கே தங்கினாலும் செலவுதான். ரெய்க்யவிக் பக்கத்தில் எல்லோரும் சுற்றிப் பார்க்கும் கோல்டன் சர்க்கிள் பக்கம் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு அதை இங்கே போடுங்கள் என்பேன்.

என்ன செய்வது என்றால், அந்த ஊரின் கதை ஒன்று போதும். ஐஸ்லாந்தின் மற்ற ஊர்களில் தரைக்குள்ளிருந்து வெந்நீர் வருகிறது, வீடெல்லாம் அதில் சூடாகிறது. கிரிம்சேக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில், வீட்டுச் சூடு எண்ணெயில். தீவில் மரம் இல்லாததால் 1867இல் கடல் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய மரங்களை வைத்தே தேவாலயம் கட்டினார்கள். சைபீரிய ஆறுகளில் விழுந்து பனிக்கட்டியோடு மிதந்து ஐஸ்லாந்துக் கரைக்கு வரும் மரங்கள் அவை. அந்தத் தேவாலயம் 2021 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் எரிந்து சாம்பலானது. உள்ளே இருந்த எதுவும் மிஞ்சவில்லை. இத்தனை சிறிய ஊர், "நமக்கு எதற்கு இனி" என்று விட்டிருக்கலாம். அதே இடத்தில் மறுபடியும் கட்டத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள்.

ஃபிஸ்க் கதை தெரியுமா? டேனியல் வில்லார்ட் ஃபிஸ்க், அமெரிக்கர், கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர். சதுரங்கப் பித்தர். 1879இல் கப்பலில் போகும்போது இந்தத் தீவைத் தூரத்திலிருந்து பார்த்தார். இப்படி ஒரு இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களும் சதுரங்கம் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனம் நெகிழ்ந்து, சதுரங்கப் பலகைகளும் புத்தகங்களும் அனுப்பினார். 1904இல் இறந்தபோது தீவு மக்களுக்கு 12,000 டாலர் எழுதி வைத்தார். தீவில் அவர் கால் வைத்ததே கிடையாது. அவர் பிறந்த நவம்பர் 11ஐ ஊர் இன்றும் கொண்டாடுகிறது. துறைமுகத்துக்கு மேலே அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

இன்னொன்று, ஆயிரம் ஆண்டுக்கு முந்தையது. நார்வே அரசன் ஓலாஃப் இந்தத் தீவைத் தனக்குக் கொடுக்கும்படி ஐஸ்லாந்துக்காரர்களைக் கேட்டான். கொடுத்துவிடலாம் என்று பலர் சொன்னபோது ஐனார் என்பவர் எழுந்து, அங்கே ஒரு படையையே தீனி போட்டு வைத்திருக்க முடியும், அந்தப் படை நம் மேல் வந்தால் என்ன செய்வோம் என்று மறுத்ததாகப் பழைய வரலாற்றுக் கதை சொல்கிறது. பாறை முழுக்கப் பறவை, முட்டை, சுற்றிலும் மீன். அந்த விளிம்பில் நின்று பார்த்தால் ஐனார் சொன்னதன் பொருள் புரியும்.

அதே மீன்தான் இன்றைக்குக் கவலை. ஐஸ்லாந்தில் மீன்பிடிக்க ஒதுக்கீடு வேண்டும், அந்த ஒதுக்கீட்டை விற்கலாம், வாங்கலாம். சின்ன ஊரில் ஒருவர் விற்றுவிட்டுப் போனால் அந்த மீனும் ஊரை விட்டுப் போகிறது. ஒருகாலத்தில் நூறு பேர் இருந்த ஊர் இது. பிள்ளைகள் குறைந்து பள்ளியும் நின்றுபோய்விட்டது. குளிர்காலத்தில் தீவிலேயே இருப்பவர்கள் இன்னும் குறைவு. நாம் தங்குகிற ஒரு இரவு, சாப்பிடுகிற ஒரு வேளை, அங்கே இருக்கிறவர்களுக்கு வருமானம். பகல் படகில் போய் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காபியோடு திரும்பிவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரூபன் தம்பி, கண் மூடுகிற துணியை நினைவுபடுத்தினீர்களே, நன்றி. நான் எழுத விட்டுப்போனது.

ஈரோடு முத்து:

அக்கா, ராஜா சார், ரூபன் அண்ணா, மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றே கால் மணிக் கணக்கை நான் வாசித்து முடிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். தங்குவது என்று முடிவாகிவிட்டது. ஜூன் மூன்றாவது வாரம் பார்க்கிறோம்.

அம்மா இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார். 2047க்கு அப்புறம் கோடு தீவுக்குத் திரும்பி வருமா? அடுத்தது, உருண்டையை நகர்த்துகிறார்கள் என்றீர்களே, ஒவ்வொரு ஆண்டும் சரியாக 14.5 மீட்டர்தானா? நிலவின் ஈர்ப்பால் அச்சு ஆடுவதையும் கணக்கில் எடுப்பார்கள் அல்லவா என்கிறார்.

என் கேள்வி ஒன்று: எதை முதலில் பதிவு செய்வது?

ஆலாப்பறவை:

அம்மாவின் கேள்வியைப் படித்ததும் எழுந்து நின்று வணக்கம் சொல்லத் தோன்றியது. அவர் நினைப்பது சரிதான். 14.5 மீட்டர் என்பது நீண்ட காலச் சராசரி. நிலவின் பாதை 18.6 ஆண்டில் ஒரு சுற்றுச் சுற்றுவதால் அச்சிலும் ஒரு சின்ன ஆட்டம் இருக்கிறது. அதனால் கோடு சில ஆண்டுகளில் வேகமாக வடக்கே போகும், சில ஆண்டுகளில் தெற்கே கூடப் பின்வாங்கும். உருண்டை இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு அம்மாவே உங்களுக்குப் பாடம் எடுக்கட்டும்.

கோடு திரும்பி வரும். சாய்வு இன்னும் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டு குறைந்துகொண்டே போய், பிறகு கூடத் தொடங்கும். கிரிம்சே இருக்கிற இடத்துக்கு வட்டம் மறுபடி வந்து சேர ஏறத்தாழ 20,000 ஆண்டு ஆகும்.

பதிவு வரிசை: முதலில் தீவு விடுதி. அறைகள் மிகக் குறைவு, ஜூன் மூன்றாவது வாரம்தான் எல்லோரும் கேட்பது. அடுத்தது அகுரேரி - கிரிம்சே விமானமும் படகும், இரண்டும் எல்லா நாளும் கிடையாது, அந்த ஆண்டின் கோடை அட்டவணையைப் பார்த்து விடுதித் தேதியோடு பொருத்துங்கள். அப்புறம் தலைநகர் ரெய்க்யவிக் - அகுரேரி. உள்நாட்டு விமானம் முக்கால் மணி நேரம், காரில் வந்தால் 390 கிலோமீட்டர், அம்மாவுக்காக நடுவில் ஒரு இரவு நிறுத்தி வாருங்கள். விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் நேரம் கிடைப்பது கஷ்டம், பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள். விடுதிக்காரர்களுக்கு எழுதும்போது அம்மாவின் முழங்காலையும், அவர் புவியியல் ஆசிரியை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கீழ்த்தள அறையும், உருண்டைப் பக்கம் வரை ஒரு வண்டியும் இரண்டையும் அந்த ஒரே கடிதத்தில் கேட்டுவிடலாம்.